வாங்காத பதக்கத்தை வாங்கினேன் என்று சொன்னால் சிறையா? (அல்வாரெஸ் வழக்கு)

கரிசல்காட்டான்:

ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். நம் ஊர் வழக்கு இல்லை, அமெரிக்க வழக்கு. ஆனால் பொய் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அரசாங்கம் தண்டிக்கலாமா என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட வழக்கு வேறொன்றை நான் படித்ததில்லை.

கலிபோர்னியாவில் கிளேர்மாண்ட் என்ற ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தண்ணீர் வாரியம், பெயர் த்ரீ வேலீஸ். அதன் இயக்குநர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 2007-இல் அப்படி ஜெயித்து வந்தவர் ஸேவியர் அல்வாரெஸ். அந்த வருஷம் ஜூலை 23-ஆம் தேதி பக்கத்து வாரியத்தோடு சேர்ந்து ஒரு கூட்டம். புதியவர் என்பதால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எழுந்து நின்று, 25 வருஷம் மரைன் படையில் இருந்தேன், 2001-இல் ஓய்வு பெற்றேன், 1987-இல் எனக்கு மெடல் ஆஃப் ஆனர் (அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ வீர விருது) கொடுத்தார்கள், பல தடவை குண்டடி பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அத்தனையும் பொய். ஒரு நாள்கூட அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் ஹாக்கி ஆடினேன், மெக்ஸிகோ நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று வேறு சமயங்களில் சொன்னதும் அதே ரகம்தான்.

ஹாக்கி பொய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பதக்கப் பொய்க்கு மட்டும் எஃப்பிஐ வந்தது. காரணம், 2006 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஸ்டோலன் வேலர் (திருடிய வீரம்) சட்டம். வாங்காத ராணுவப் பதக்கத்தை வாங்கியதாகச் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை, மெடல் ஆஃப் ஆனர் என்று சொன்னால் ஒரு வருஷம் வரை. அந்தப் பொய்யால் பணம் கிடைத்ததா, வேலை கிடைத்ததா, யாராவது ஏமாந்தார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. வாயால் சொன்னாலே குற்றம். அல்வாரெஸ் மேல்முறையீட்டு உரிமையை வைத்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5,000 டாலர் அபராதம், மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 416 மணி நேரம் சமூக சேவை என்று தீர்ப்பானது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2012 ஜூன் 28-ஆம் தேதி, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு சரிதான் என்று முழு மனசோடு நம்புகிறேன். அந்த ஆள் மேல் எனக்கு ஒரு துளி மரியாதையும் கிடையாது. ஆனால் அரசாங்கத்திடம் "இது பொய், இதைச் சொன்னவனை உள்ளே போடு" என்ற அதிகாரத்தை, பொய்யால் விளைந்த தீங்கு என்ன என்று காட்டாமலே கொடுத்துவிட்டால், இன்றைக்குப் பதக்கம், நாளைக்கு வேறு ஏதாவது. எது எது என்று பட்டியல் போடப்போவது யார்? நாமா?

வேலூர் சுபேதார்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 28 வருஷம் இருந்து வந்தவன். பதக்கம் என்பது வெறும் தகடு இல்லை. கூடப் படுத்து எழுந்த பையன் போய்விடுவான், அவனுக்குப் பதில் அவன் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வரும், உள்ளே வெல்வெட் துணியில் அது இருக்கும். அதைக் கையில் வாங்குகிற பெண்ணின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிக் குத்திக்கொண்டு வருகிற ஒருவன் அவளிடமிருந்து திருடுகிறான் என்றுதான் நான் சொல்வேன். திருடனுக்குத் தண்டனை உண்டா இல்லையா?

பணம் வாங்கவில்லை, அதனால் தீங்கில்லை என்று கணக்குப் போடுவது எங்களுக்குப் புரியவில்லை. மரியாதைதான் அங்கே காசு. அமெரிக்காக்காரர்களுக்கும் இது முதலிலிருந்தே தெரியும். ஜார்ஜ் வாஷிங்டன் 1782-இல் சிப்பாய்களுக்கு முதல்முதலாக ஒரு வீரச் சின்னம் ஏற்படுத்திய அதே உத்தரவில், தகுதியில்லாதவன் அதை அணிந்தால் கடுமையாகத் தண்டிக்கப்படுவான் என்றும் எழுதி வைத்தார். ராணுவத்தைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

வக்கீல் மலர்:

சுபேதார் ஐயா, வணக்கம். நீங்கள் சொன்ன வாஷிங்டன் உத்தரவு அந்த வழக்கிலேயே பேசப்பட்டது. ஆனால் அணிவதும் வாயால் சொல்வதும் சட்டத்தில் வேறு வேறு. அனுமதியில்லாமல் பதக்கம் அணிவதைத் தடுக்க அங்கே 1923-இலிருந்தே சட்டம் இருந்தது. 2006 சட்டம் புதிதாகச் சேர்த்தது பேச்சை. அதுதான் சிக்கலே.

நம் ஊரிலும் அப்படித்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 168. படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படைவீரர் உடையை அணிந்தாலோ சின்னத்தை வைத்துக்கொண்டாலோ மூன்று மாதம் வரை சிறை. அபராதம் முன்பு 500 ரூபாய் வரை, இப்போது 2,000 வரை. டீக்கடையில் உட்கார்ந்து "நான் கர்னல்" என்று கதை விடுபவரை இந்தப் பிரிவு தொடாது. அந்தக் கதையைச் சொல்லிப் பணம் பறித்தால் ஆள்மாறாட்ட மோசடிப் பிரிவு வரும், அது வேறு.

"ஆறுக்கு மூன்று" என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆறு பேரும் ஒரே காரணம் சொல்லவில்லை. நீதிபதி கென்னடி எழுதியதோடு ராபர்ட்ஸ், கின்ஸ்பர்க், சோட்டோமயோர் சேர்ந்தார்கள், மொத்தம் நாலு பேர். ஒரு பேச்சு பொய் என்பதாலேயே அது பேச்சுரிமைக்கு வெளியே போய்விடாது என்பது அவர்கள் கட்சி. பொய்ச் சாட்சி, அவதூறு, மோசடி, அரசு அதிகாரி என்று நடிப்பது எல்லாம் தண்டிக்கப்படுகின்றனவே என்றால், அவை ஒவ்வொன்றிலும் பொய்யோடு கூட இன்னொரு தீங்கு இருக்கிறது, யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார் அல்லது நீதிமன்றத்தின் வேலையே கெடுகிறது. பிரையரும் கேகனும் தனியாக எழுதினார்கள். இந்தச் சட்டம் ரொம்ப அகலம், வீட்டுக்குள் சொன்னாலும் மதுக்கடையில் சொன்னாலும் ஒன்றாகவே பார்க்கிறது, குறுக்கி எழுதினால் நிற்கலாம் என்றார்கள். அலிட்டோ, ஸ்காலியா, தாமஸ் மூவரும் எதிர்த்தார்கள்.

டல்லாஸ்வாசி:

நான் இங்கே டெக்ஸஸில் 14 வருஷமாக இருக்கிறேன். அந்த எதிர்ப்புத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலிட்டோ எடுத்துக் காட்டும் எண்ணிக்கைகள் அப்படி. வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் ஒரே வருஷத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் மெடல் ஆஃப் ஆனர் வாங்கியதாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முன்னாள் வீரர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தபோது, அந்தப் பதக்கம் வாங்கியதாகச் சொன்ன 49 பேரில் 24 பேர் வாங்காதவர்கள். பாதி! வரலாற்று ஆவணத்திலேயே பாதி பொய் என்றால் நாளைக்குப் படிக்கிறவன் எதை நம்புவான்?

அந்தச் சட்டம் பிறந்த கதையும் பலருக்குத் தெரியாது. டக் ஸ்டெர்னர் என்ற வியட்நாம் போர் வீரர் பதக்கம் வாங்கியவர்களின் பட்டியலைத் தன் சொந்த முயற்சியில் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாம் ஸ்டெர்னர் கொலராடோவில் கல்லூரியில் படிக்கும்போது வகுப்புக்காக எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இந்தச் சட்ட யோசனையே வந்தது. அவர் கணவர் தினமும் போலிகளோடு மல்லுக்கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால் இதை ஏதோ அரசாங்கம் வாய்ப்பூட்டுப் போடக் கிளம்பிய கதையாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

கரிசல்காட்டான்:

டல்லாஸ், அந்தத் தம்பதியின் எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல எண்ணத்தோடு எழுதிய சட்டத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. சிப்பாயின் மானத்தைக் காக்கிற சட்டத்தை வேண்டாம் என்று எந்த எம்பி சொல்வார்?

அல்வாரெஸ் விஷயத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். எஃப்பிஐ விசாரிக்க வருவதற்கு முன்பே அவர் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போலி என்று கண்டுகொண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் இணையத்தில் கிழித்தார்கள், பத்திரிகைகளில் வந்தது, கூட இருந்த வாரிய உறுப்பினரே ராஜினாமா செய் என்றார். சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஊர் செய்து முடித்திருந்தது.

இன்னொன்று. இதே அல்வாரெஸ் விவாகரத்தான மனைவியை வாரியத்தின் மருத்துவக் காப்பீட்டில் மனைவி என்றே சேர்த்து வைத்திருந்தார். அதற்கு மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஜெயிலுக்கே போனார். பொது மக்கள் பணத்தைத் தின்ற பொய் அது, அதைப் பிடிக்கப் பழைய மோசடிச் சட்டமே போதுமானதாக இருந்தது.

வேலூர் சுபேதார்:

போலி என்று ஊர் கண்டுகொண்டது என்கிறீர்கள். எல்லா ஊரும் கண்டுகொள்ளாது தம்பி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் ஒன்றில் சுதந்திர தின விழா. ஊர், பள்ளி பெயரெல்லாம் வேண்டாம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். மேடையில் சிறப்பு விருந்தினர், ஓய்வு பெற்ற மேஜர் என்று மைக்கில் சொன்னார்கள். கோட்டில் இரண்டு வரிசை பதக்கம். நான் முன்வரிசையில் இருந்ததால் ரிப்பனைப் பார்க்க முடிந்தது. அதில் ஒன்று பஷ்சிமி ஸ்டார். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. அந்த ஆளுக்கு வயது எப்படிப் பார்த்தாலும் அறுபதைத் தாண்டாது. 1971-இல் அவன் பால்வாடியில் இருந்திருப்பான்.

விழா முடிந்து பக்கத்தில் போய், சார் எந்த யூனிட் என்று கேட்டேன். ஏதோ ஒரு பெயர் சொன்னான். ஐசி நம்பர், அதாவது அதிகாரிகளுக்குப் பட்டாளம் கொடுக்கும் எண், என்ன சார் என்றேன். "அதெல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றான். பட்டாளத்தில் இருந்தவன் கல்யாண நாளை மறப்பான், நம்பரை மறக்க மாட்டான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், எனக்கு இப்போதும் வரும்.

இதுவரை நடந்தது பெரிதில்லை. அதே முன்வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மகன் சியாச்சினில் இறந்தவன். விழா தொடங்குவதற்கு முன்பு அந்த அம்மா இவனிடம், "ஐயா, எம் புள்ளையத் தெரியுமா" என்று கேட்டிருக்கிறார். இவன், தெரியுமே, நல்ல பையன், கடைசி நேரத்தில் நான் பக்கத்தில்தான் இருந்தேன், உங்களைத்தான் கேட்டான் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா விழா முழுக்க அழுதுகொண்டே இருந்தார், நான் ஏதோ கொடியைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன்.

அவன் ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு சால்வை, ஒரு மாலை. இப்போது சொல்லுங்கள், தீங்கு இல்லையா?

பூங்கொடி:

படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை ஐயா. என் சித்தப்பாவும் திரும்பி வராதவர்தான். அவர் எப்படி இறந்தார் என்று எங்கள் பாட்டிக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். எது நிஜம் என்று தெரியாமலே பாட்டி போய்விட்டார்.

கரிசல்காட்டான்:

சுபேதார் ஐயா, நேற்றிரவு படித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

தீங்கு இருக்கிறது, பெரிய தீங்கு. பணம்தான் தீங்கு என்ற மாதிரி நான் எழுதியிருந்தால் அது தப்பு. ஆனால் நீங்கள் சொன்னதையே திரும்பப் பாருங்கள். அவன் செய்த கொடுமை பதக்கம் வாங்கினேன் என்றதிலா, அந்த அம்மாவிடம் அவர் மகனின் சாவைப் பற்றிப் பொய் சொன்னதிலா? அவன் பதக்கமே குத்தாமல், கூட வேலை பார்த்தேன் என்று மட்டும் சொல்லி அதே வார்த்தைகளைப் பேசியிருந்தாலும் அதே ரணம்தானே. ஸ்டோலன் வேலர் சட்டம் போல ஒன்று இருந்தால் அவனைப் பதக்கத்துக்காகப் பிடிக்கும். அந்த அம்மாவின் பெயர் வழக்கில் எங்கேயும் வராது.

வக்கீல் மலர்:

இதைத்தான் பிரையர் பிடித்தார் என்று நினைக்கிறேன். பொய்யைத் தண்டிக்கும் மற்ற சட்டங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஒருவரை மன வேதனைக்கு ஆளாக்குவதற்கான நஷ்டஈட்டுச் சட்டத்தையும் அதில் சேர்க்கிறார். அங்கெல்லாம் காயப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், என்ன காயம் என்று காட்டுகிறார்.

தோற்ற பிறகு அமெரிக்கப் பாராளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2013 ஜூன் 3-ஆம் தேதி ஒபாமா புதிய ஸ்டோலன் வேலர் சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்போது பணம், சொத்து அல்லது வேறு கைக்குக் கிடைக்கிற ஆதாயம் அடையும் நோக்கத்தோடு குறிப்பிட்ட பதக்கங்களை வாங்கியதாக ஏமாற்றினால்தான் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. பழைய பிரிவில் "அணிவது" என்றிருந்த சொல்லையும் அதே சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய சட்டப்படி பதக்கம் அணிந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், அணிவதும் ஒருவகைப் பேச்சுதான், அதற்கும் அல்வாரெஸ் தீர்ப்பு பொருந்தும் என்றது. ஐயா சொன்ன விழா அங்கே நடந்திருந்தால் சால்வையும் மாலையும் ஆதாயமா என்று வாதாட வேண்டியிருக்கும். நான் வாதாடினால் தோற்பேன்.

இந்தத் தீர்ப்பின் வேர் எங்கெல்லாம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்தல் பிரசாரத்தில் பொய் சொன்னால் குற்றம் என்று ஒஹையோவில் ஒரு சட்டம் இருந்தது. எது பொய் என்று ஓர் அரசு ஆணையம் முடிவு செய்யும். 2016-இல் அது செல்லாது என்று தீர்ப்பானது, அல்வாரெஸ்தான் ஆதாரம். கரிசல் முதலில் கேட்ட "பட்டியல் போடப்போவது யார்" என்ற கேள்விதான் இது. நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசே அமைக்கும் ஒரு சரிபார்ப்புப் பிரிவு சொல்லும் என்ற விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. நம் அரசியல் சட்டத்தின் 19(2)-இல் பேச்சைக் கட்டுப்படுத்தப் பொது ஒழுங்கு, அவதூறு, நாட்டின் பாதுகாப்பு என்று காரணங்கள் எழுதியிருக்கின்றன. பொய் என்பது தனியாக ஒரு காரணமாக அதில் இல்லை.

டல்லாஸ்வாசி:

கென்னடி தீர்ப்பில் ஒரு யோசனை சொன்னார். பதக்கம் வாங்கியவர்கள் பட்டியலை அரசாங்கமே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடட்டும், போலி தானே மாட்டிக்கொள்வான் என்று. தீர்ப்பு வந்த அடுத்த மாதமே பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அப்படி ஒரு தளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அலிட்டோ முன்கூட்டியே சொன்னது போல, 2001-க்கு முந்தைய பதிவுகளை முழுசாகத் திரட்டுவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

ஏன் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கொரியப் போரில் இருந்தவர், தொண்ணூறைத் தாண்டி சமீபத்தில்தான் போனார். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912-இலிருந்து 1960 வரை தரைப்படையை விட்டு வந்தவர்களின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சாம்பல். இவருடையதும் அதில் ஒன்று. பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம்) வாங்கினேன் என்பார், கணுக்காலில் ஒரு தழும்பைக் காட்டுவார், கையில் ஒரு மங்கிய போட்டோ. காகிதம் கிடையாது. வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் பேசியதை நான் நம்பினேன். பழைய சட்டம் இருந்த காலத்தில் யாராவது ஒருவர் அவர்மேல் புகார் கொடுத்திருந்தால், அந்தக் கிழவர் எதைக் காட்டி நிரூபித்திருப்பார்? அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று வக்கீல் மேடம் சொல்வார்கள், தெரியும். ஆனால் விசாரணைக்கு வந்து கதவைத் தட்டுவதே போதும், அந்த மனுஷன் அப்புறம் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

முதலில் நான் எழுதியதிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டேன் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

வேலூர் சுபேதார்:

அந்தப் பெரியவர் விஷயம் எனக்கும் உறைத்தது. நம் ஊரிலும் டிஸ்சார்ஜ் புக்கைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுப் பென்ஷனுக்கு அலைகிற கிழவர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நம் மேஜர் பரமேஸ்வரன், 1987, இலங்கையில் இறந்த பிறகு கொடுத்தது. 21 பேரை மனப்பாடமே செய்யலாம். பாதுகாப்பு அமைச்சகம் வீர விருதுகளுக்குத் தளமும் வைத்திருக்கிறது. ஆனால் பள்ளி விழாவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. இது எங்கள் தப்பும்தான். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தண்டனை வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

கரிசல்காட்டான்:

மாற வேண்டாம் ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவனை அன்றைக்கு என்ன செய்தீர்கள்? போலீசுக்குப் போனீர்களா? மலர் சொன்ன பிரிவு இருக்கிறதே, அவன் பதக்கமும் குத்தியிருந்தான்.

வேலூர் சுபேதார்:

போகவில்லை. தலைமையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். அவனிடம், கழற்று என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். விரல் நடுங்கியதால் ஒரு ஊக்கு கழலவே நேரமாகியது, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

எனக்கு அன்றைக்கு இருந்த கவலை அந்த அம்மாதான். அவரிடம் போய், அவன் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? "உங்களைத்தான் கேட்டான்" என்ற வார்த்தையைக் கையில் கொடுத்துவிட்டு எப்படித் திரும்பப் பிடுங்குவது? இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் அந்தப் பையன் யூனிட்டில் இருந்தவர்களைத் தேடி, ஒருவர் விட்டு ஒருவராக விசாரித்து, கடைசியில் ஒரு ஹவில்தாரின் எண் கிடைத்தது. அந்தப் போஸ்ட்டில் நிஜமாகவே அவனோடு இருந்தவர், கர்நாடகாக்காரர், கொஞ்சம் தமிழ் வரும். அந்த அம்மா வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு, போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். பனிச்சரிவு ராத்திரியில் வந்தது, யாருக்கும் எதுவும் சொல்ல நேரமில்லை, உங்களைக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது அம்மா என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வாரம் வீட்டிலிருந்து வந்த முறுக்கை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்கம்மா சுட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்றார்.

அந்த அம்மா, "ஆமா, நான்தான் அனுப்புனேன், டப்பா நிறைய" என்றார்.